சாம்பல் கழுத்து

ரியாத், 12.8.1997

அம்மாவுக்கு தட்சிணாமூர்த்தியின் வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

அப்பாவின் முதல் திதிக்குச் சோறு பொங்கி, நாங்கள் தங்கியிருக்கும் ஷெட் கூரையில் வைத்துக் கூப்பிட்டேன். ஒரு காக்கை வந்து தின்றது. அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று நானும் சாப்பிட்டேன். கூட வேலை செய்யும் கோலியனூர் மணிமாறன் சிரித்தான்.

"யோவ், நம்ம காக்காவுக்குக் கழுத்து சாம்பலா இருக்கும். இது முழுக்கக் கருப்பு. யாரு சோத்தை எதுக்குப் போட்டுக்கினு இருக்கற?"

நானும் சிரித்துவைத்தேன். திண்டிவனத்தைத் தாண்டாத மனுஷர், இவ்வளவு தூரம் எப்படி வருவார்?

அன்று ஒலக்கூரில் நீ வைத்த சோற்றைச் சாம்பல் கழுத்துக் காக்கை எடுத்ததா? மறக்காமல் எழுது. யாராவது இங்கே வந்தால் வறுத்த மல்லாட்டை கொடுத்தனுப்பு; இங்கே விற்கும் வேர்க்கடலையில் அந்த ருசி இல்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அமாவாசைக்கு அப்பாவைக் கூப்பிடும்போது, அவர் சாப்பிடும் முன்பே நான் சாப்பிட்டுவிட்டதை மட்டும் சொல்லிவிடாதே.

தட்சிணாமூர்த்தி