ஆறாம் இடமா, பதினாலாம் இடமா

அடுப்பில் மல்லிக்கோப்பி கொதிக்கிறது. இரண்டு நாளாகத் தடிமன், அதனால்தான் போட்டேன். மூடியைத் திறந்ததும் கொத்தமல்லியும் சுக்குமாக ஆவி எழுந்தது. அந்த மணத்தோடு என் குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு நீயும் வந்துவிட்டாய். கையில் மல்லிக்கோப்பி நிறைத்த உன் பச்சை பிளாஸ்க். "பாத்திட்டியோ? ஒண்டும் சொல்லாதை, ஒண்டும் சொல்லாதை" என்று சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்குவாய்.

வருஷத்தில் ஒரு நாள் அது. அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் புதுப் பெடியன்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்கும் நாள். அங்கே இரவு நடப்பதை இங்கே லண்டனில் விடிய விடிய முழித்திருந்து பார்க்க எனக்கும் ஏலாது, உனக்கும் ஏலாது. ஆகவே மறுநாள் காலை எட்டு மணிக்கு நீ நோர்பரியிலிருந்து பஸ் ஏறி கோலியர்ஸ் வுட்டுக்கு வருவாய். அதுவரை இருவரும் போனைத் தொடுவதில்லை, பிள்ளைகளோடு கதைப்பதில்லை. பதிவு செய்து வைத்ததைப் போட்டுப் பார்ப்போம், சோதனை முடிவு பார்க்கும் பிள்ளைகள் மாதிரி.

அந்த அணிகளில் ஒன்றுக்கு நாங்கள் ஆட்களானதற்கு ஒரே காரணம், பழைய உடுப்பு விற்கும் ஒரு சாரிட்டிக் கடையில் எனக்கு அளவாகக் கிடைத்த அதன் பெனியன். "பெனியனுக்காக அணி பிடிச்சவன் உலகத்திலை நீ ஒருத்தன்தான்" என்று சிரித்தாய். பிறகு நீயும் அதே அணிக்குத்தான் கத்தினாய்.

நீ பள்ளிக்கூட அணியில் விளையாடியவன். நான் பந்தைத் தொட்டதில்லை. லைப்ரரியில் எடுத்த புத்தகங்களும், பெற்றோல் ஸ்டேஷன் வேலை முடிந்து வந்து பார்த்த ஆட்டங்களும்தான் எனக்கு வாத்தியார். இதை எத்தனை முறை சொல்லிக் காட்டினாய்! நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

ஒரு வருஷம் எங்கள் அணிக்கு ஆறாவது முறையும் பதினாலாவது முறையும் கிடைத்தன. ஆறாவதில் ஒரு பெயரை வாசித்தார்கள். ஏழடிக்குக் கொஞ்சம் குறைவாக, தோளில் சதையே இல்லாத ஒருவன் எழும்பி வந்தான். நெடுவல் என்று அந்த இடத்திலேயே பெயர் வைத்தோம். நீ கப்பை மேசையில் அடித்து வைத்தாய்.

"ஆறிலையோ? டேய், இவனைப் பதினாலிலை எடுக்கலாமடா! முந்தி எடுத்திட்டாங்கள்!"

"பதினாலு வரைக்கும் மிஞ்சி இருப்பான் எண்டு உனக்கு ஆர் சொன்னது? மற்ற அணிக்காரர் உன்னட்டை வந்து கேட்டவங்களோ?"

"ஒருக்காலெண்டாலும் பந்து பிடிச்சுப் பாத்தனியோ நீ?"

"நீ பிடிச்சு என்னத்தைக் கண்டனி? முழங்கால்தானே போனது."

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் நிற்காமல் போனாய். பின்னேரம் போன் எடுத்து, "வீட்டுக்கு வந்திட்டன். பதினாலு" என்றாய்.

எட்டு வருஷம் இது நடந்தது. நெடுவல் நன்றாக விளையாடினான். அவன் வெளுத்துக் கட்டிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் உனக்குப் போன் எடுத்தேன். "கண்டனியோ?" "கண்டன். அருமையா விளையாடுறான். ஆனா ஆறிலை எடுத்தது பிழை." எனக்குப் பத்திக்கொண்டு வரும். "நல்லவன் எண்டுறது ஒண்டு, அந்த இடத்திலை எடுத்தது வேறையொண்டு. பிந்தியும் அவன் கிடைச்சிருப்பான். ஆறிலை வேறையொருத்தனையும் சேர்த்து எடுத்திருக்கலாம்" என்பாய். அவன் எவ்வளவு அடித்தாலும் உன் கட்சி தோற்காது. அவன் காலை முறித்துக்கொண்டு ஒரு வருஷம் படுத்தபோது என் கட்சியும் தோற்கவில்லை. முடிவே இல்லாத வழக்கு. வேண்டுமென்றே அப்படி ஒன்றைப் பிடித்தாயோ என்று சில நேரம் சந்தேகப்பட்டேன்.

உனக்குத் தெரியும், என் சொல் எங்கேயும் எடுபட்டதில்லை. சங்கக் கூட்டத்தில் நான் எழும்பினால் தலைவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். வேலையிடத்தில் நான் சொன்ன வழியையே ஆறு மாதம் கழித்து மனேஜர் தன் வழியாகச் சொன்னான். இந்த வயதில் அதுவும் மாறிவிட்டது. இப்போது எல்லோரும் எனக்கு உடன்படுகிறார்கள். மகளிடம் எதைச் சொன்னாலும் "சரி அப்பா." மருமகன், "நீங்கள் சொல்லுறதும் சரிதான் மாமா." கதையை முடிக்கத்தான் சரி என்கிறார்கள் என்பது எனக்கு விளங்காதா? என் பேச்சைக் காதால் கேட்டு, பிழை என்று சொல்ல மினக்கெட்டவன் நீ ஒருவன்தான்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் மழை, பஸ், கார் நிறுத்த இடமில்லை என்று ஏதோ கதைத்தேன். நீயும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய்.

செத்தவீட்டில் உன் மகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அப்பா கடைசியிலை சொன்னவர். அந்த ஆறாம் இடம் சரிதானாம். நீங்கள் சொன்னதுதான் சரியாம்" என்றான்.

நீ நம்பமாட்டாய், அன்றைக்கு எனக்கு உன் சாவைவிட அதுதான் கூட நொந்தது. ஒருவன் சொல்ல வேண்டும் என்று வாழ்க்கை முழுக்கக் காத்திருந்த வார்த்தை. அதை நீ சொல்லியிருக்கிறாய் என்றால், நீயும் என்னை மற்றவர்கள் மாதிரித்தான் பார்த்தாயா? பாவம், கிழவன், சந்தோஷப்படட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டுப் போனாயா? அப்படியென்றால் அதற்கு முன்னமும் எத்தனை தரம் விட்டுக்கொடுத்தாய்? எட்டு வருஷத்தில் எது உண்மை? முப்பது நாள் இதே நினைவு. சோறு இறங்கவில்லை. மகள் டொக்டரிடம் போவோம் என்றாள். என்ன வருத்தமென்று அவளிடம் எப்படிச் சொல்வது?

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்குப் போனேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். உன் மனைவி வெற்றிலைத் தட்டோடு வந்தா. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"தங்கச்சி, அவன் கடைசியிலை ஆறாம் இடம் சரியெண்டு சொன்னவனாமே?"

அவ தட்டைக் கீழே வைத்தா. "ஆர், இவரோ? உங்களுக்கு ஆர் அண்ணை சொன்னது?"

நான் உன் மகனைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். "சொரி மாமா. நீங்கள் அப்பிடி அழுதுகொண்டு நிண்டீங்கள். ஆறுதலா இருக்குமெண்டு நான்தான்..."

"விசரா!" என்றா அவ மகனைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினா. "அண்ணை, அந்த வோர்ட்டிலை ஒரு பிலிப்பினோ நேர்ஸ் இருந்தவ. அவையளுக்குக் கூடைப்பந்தெண்டா உயிராம். கடைசிக் கிழமை இவர் அந்தப் பிள்ளையோடை இதே கதைதான். அவ நெடுவலை ஆறிலை எடுத்தது சரியெண்டிட்டா. இவருக்கு வந்ததே கோவம்! கதைக்க மூச்சில்லை. ஒக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையாலை இழுத்துப்போட்டு, மற்றக் கையிலை அஞ்சு விரலையும் ரெண்டு தரம் காட்டி, பிறகு நாலு விரலைக் காட்டினார். 'பதினாலு'. அந்தப் பிள்ளை சிரிச்சுச் சிரிச்சு மாஸ்க்கைத் திரும்பப் பூட்டிவிட்டவ. 'கோலியர்ஸ் வுட்டிலை ஒரு பிடிவாதக்காரன் இருக்கிறான், நீ அவன்ரை ஆள்' எண்டவர், கொஞ்சம் மூச்சு வந்த பிறகு."

நான் சிரித்துவிட்டேன். உன் படத்துக்கு விளக்கு எரிகிற அறையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் மனைவியும் சிரித்தா, சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. முப்பது நாள் நெஞ்சில் இருந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. இன்னொரு தரம் சோறு போடச் சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டேன்.

நீ எனக்கு ஒருபோதும் இரங்கவில்லை. மூச்சில்லாத நேரத்திலும் விரலை எண்ணிச் சண்டை பிடித்தாய். உன் மகனை மன்னித்துவிட்டேன். ஆனால் அவன் சொன்ன ஆறுதலை மன்னிக்கவில்லை.

இன்று காலையும் புதுப் பெடியன்களை எடுத்ததைப் பார்க்கும் அதே நாள்தான். எட்டு மணிக்கு நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். எங்கள் அணி ஒன்பதாவதாக ஒருவனை எடுத்தது. நல்லவன், கை நீளம், கெட்டிக்காரன். ஆனால் எனக்கு முதலில் வந்தது உன் கேள்வி. ஆள் நல்லவனா என்பதல்ல, இவன் பிந்தியும் கிடைத்திருப்பானா என்பது. யோசித்துப் பார்த்தேன். கிடைத்திருப்பான். "முந்தி எடுத்திட்டாங்கள்" என்று உரக்கச் சொன்னேன். எதிர்க் கதிரையில் மறுத்துப் பேச ஆளில்லாததால் என் பக்கத்தையும் நானே பேசினேன். அரை மணித்தியாலம் நன்றாகவே போனது. நீ இருந்திருந்தால் இரண்டு பக்கத்தையும் பிழை என்றிருப்பாய்.

உன் கேள்வியை வைத்துக்கொள்கிறேன். இனி வருகிற எல்லாப் பெடியன்களுக்கும் அதைக் கேட்பேன். நெடுவலுக்கும் கேட்டுப் பார்த்தேன், நேர்மையாக, உன் இடத்தில் இருந்து, ஒன்றுக்கு மூன்று தரம்.

ஆறு சரிதான்.