உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம்

1938 பிப்ரவரி 7, திங்கள்

இன்றும் மத்தியானம் வாழைப்பழமும் பொரிகடலையும்தான்.

சூரமங்கலத்துக்கு மாற்றலாகி வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளில் நான்கு பிரசவம் பார்த்தாயிற்று. நான்கும் நல்லபடியாக முடிந்தன. ஆனால் இலை போட்டுச் சோறு சாப்பிட்டது இரண்டே நாள்தான். அதுவும் ராசிபுரத்தில், அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த சனி ஞாயிறில்.

அறையில் அடுப்பு மூட்டக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் நூல் குடோன். "ஒரு பொறி பறந்தாப் போதுங்கம்மா, நானும் இல்லை, நீங்களும் இல்லை" என்று வீட்டுக்காரர் முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். தனியாக இருக்கும் மருத்துவச்சிக்கு, அதிலும் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு, இந்த ஊரில் அறை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் போய் அடுப்புக்காகச் சண்டை போட முடியுமா?

நாளைக்கு ஸ்டேஷன் ரோட்டில் பார்க்க வேண்டும். இத்தனை ரயில்வேக்காரர்கள் இருக்கிற ஊரில் எனக்கு ஒரு பிடி சோறு கிடைக்காமலா போகும்?

பிப்ரவரி 9

ஸ்டேஷன் ரோடு காப்பி கிளப்புக்குப் போனேன். பிராமணாளுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று போர்டு மாட்டிப் பிரித்திருக்கிறார்கள். வாசலில் நான் நின்றதும் இரண்டு பக்கத்திலும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கல்லாப் பெட்டியடியில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "கேரியர் குடுத்தனுப்புங்கம்மா, கட்டித் தரச் சொல்றேன்."

"இங்கேயே சாப்பிட்டுட்டுப் போயிடறேனே."

"பொம்பளைங்க உள்ள வர்ற வழக்கம் இல்லீங்களே" என்றார், நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி.

பிராமணர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம்?

கேரியர் வாங்கி வந்து அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாம்பார் ஆறிப் போயிருந்தது. நாலணா. இரண்டு வேளையும் இப்படி வாங்கினால் சம்பளத்தில் பாதி இதற்கே போய்விடும்.

பிப்ரவரி 14

ரயில்வே குவார்ட்டர்ஸில் ராஜம்மாள் என்று ஒரு ரயில் கார்டின் வீட்டம்மா, தனியாக இருக்கும் ஆட்களுக்கு மாதக் கணக்கில் சமைத்துப் போடுகிறாராம். போனேன். உள்ளே உட்காரவைத்து மோர் கொடுத்தார். ஊர், பேர் எல்லாம் விசாரித்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

முகம் மாறிவிட்டது. "அடடா... தப்பா நெனைக்காதீங்க. தினமும் பிரசவத் தீட்டுல பொழங்கற கை. சாமி படம் இருக்கற வீடு பாருங்க."

நான் எழுந்து வரும்போது மோர் டம்ளரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. அவர் பேச்சில் சொன்ன நாத்தனாரின் குழந்தையைப் போன வெள்ளிக்கிழமை இந்தக் கைதான் வாங்கியது. அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை?

பிப்ரவரி 15

பொரிகடலை.

பிப்ரவரி 19

இன்று நடந்ததை மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிட்ட கேஸ். தலைச்சன். இன்று காலை பத்து மணிக்குத்தான் பிறந்தது. அதுவரை என் வயிற்றில் இருந்தது ஒரு டம்ளர் காப்பி. தொப்புள்கொடியைக் கட்டும்போது கை நடுங்கியது. முடிச்சு விழவில்லை, நழுவிவிட்டது. மறுபடி கட்டினேன். அரை நிமிஷம்கூட இருக்காது. யாரும் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆறு வருஷத்தில் என் கை நடுங்கியதே இல்லை.

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கொள்ளு வேகும் வாசனை. பழைய கள்ளுக்கடைக் கட்டிடம். சர்க்கார் கள்ளுக்கடைகளை மூடியதிலிருந்து சும்மா கிடந்ததை யாரோ தை மாதம் சோற்றுக்கடையாக ஆக்கியிருக்கிறார்கள். கட்டிடத்துக்குப் பழைய பேர் போகவில்லை. பெண்கள் அந்தப் பக்கமே திரும்பாமல் நடப்பார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, நேராகக் கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டேன்.

அடுப்படியில் ஒரு அம்மா கொள்ளு கடைந்துகொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்கம்மிணி, மூஞ்சி இப்புடி வெளுத்துக் கெடக்குது? சோறுண்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. என்ன வெட்கக்கேடு! அவள் ஒன்றும் கேட்கவில்லை. மணையைப் போட்டாள், இலையைப் போட்டாள். சுடுசோறு, கொள்ளுப் பருப்பு, பச்சைப்புளி ரசம், மோர். மூன்று தடவை சோறு வாங்கினேன்.

எவ்வளவு என்று கேட்டதற்கு, "முன்னால சோறு உங்கறவங்களுக்கு ரெண்டணாங்க. நீங்களும் அதே குடுங்க" என்றாள்.

பிப்ரவரி 21

அவள் பெயர் செல்லாயி. கடை அவள் புருஷன் மருதாசலத்துடையது. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் குத்தகைக்குப் பார்த்தவர்களாம். இரண்டு வருஷம் நஷ்டப்பட்டு இங்கே வந்திருக்கிறார்கள். இப்போதும் வாழையிலை அங்கிருந்துதான் வருகிறது. அவர் முன்னால் ஆண்களுக்குப் பரிமாறுகிறார், அவள் பின்னால் சமைக்கிறாள். நான் அடுப்பங்கரையில் அவளுக்குப் பக்கத்தில்.

என்ன வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவை டம்ளர் கழுவும் சத்தத்தைக் கேட்க எனக்குச் சக்தி இல்லை.

"அதுக்கென்னுங்க?" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 6

அரிசியும் பருப்பும் சோறு, மேலே நெய். கீரைக் கடைசல். வெள்ளிக்கிழமை வாழைப்பூ. ஒரு நாள் கம்பஞ்சோறும் தயிரும். அண்ணிக்கு இந்தக் கொள்ளுப் பருப்பைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நேற்று ஒரே நாளில் இரண்டு கேஸ். களைப்பே தெரியவில்லை.

மார்ச் 15

அண்ணனிடமிருந்து கடிதம். வழக்கம்போல இரண்டே விஷயம். தறிக்குத் தார் சுற்ற ஆள் இல்லை. நீ அங்கே அல்லாடுவது போதும், வந்துவிடு. "என் தங்கை கந்தம்மாளுக்கு நம் வீட்டில் ஒரு வேளைச் சோறு கிடைக்காதா" என்று எழுதியிருக்கிறார். கிடைக்கும். தார் சுற்றினால் கிடைக்கும். பதில் எழுதவில்லை.

மார்ச் 23

போயிற்று. அதுவும் போயிற்று.

வெங்கடாசலம் என்று ஒரு கன்ட்ராக்டர். ஏழு ஆட்களோடு தினமும் அங்கே மத்தியானம் சாப்பிடுகிறவர். நான் கொல்லைப்பக்கம் நுழைவதை இன்று பார்த்திருக்கிறார். முன்னால் அவர் சத்தம் போட்டது அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. "தீட்டுக்காரிய அடுப்படில உக்காத்தி வெச்சுக்கிட்டு எங்களுக்குச் சோறு போடறியா? அவ வந்தா நாங்க வரமாட்டோம்."

மருதாசலம் பின்னால் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "கோவிச்சுக்காதீங்கம்மிணி. எட்டு இலைங்க. இப்பத்தான் கடை நிமுந்து நிக்குது."

செல்லாயி கரண்டியை வைத்துவிட்டு ஏதோ சொல்ல வந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பாதி இலையில் எழுந்தேன். சோற்றை அப்படி விட்டுவிட்டு எழுந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

என்ன தப்புப் பண்ணினேன் நான்? இவனுங்கெல்லாம் எப்படிப் பொறந்தானுங்க? யாரு கை வாங்கிச்சு இவனுங்கள?

மார்ச் 25

அண்ணனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். "வருகிறேன்" என்று ஒரு வரி எழுதினேன். மடித்து வைத்திருக்கிறேன். தபாலில் போடவில்லை.

மார்ச் 29

பெண்கள் பள்ளிக்கூடத்தில் அம்மை குத்துகிறார்கள் என்று உதவிக்குப் போனேன். மத்தியானம் டீச்சர் சாரதாமணி கிணற்றுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சேலம் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். காலை ஐந்து மணிக்குக் கட்டிய சோறு இந்த வெயிலில் பன்னிரண்டு மணிக்குள் ஊசிப் போகிறதாம்.

"பின்னே என்ன பண்றீங்க?"

"பாதி நாள் காக்காய்க்குத்தான் போடறேன்" என்று சிரித்தாள்.

கிளப்புக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவளுக்கும் ஆசை உண்டாம். யாரிடமும் சொன்னதில்லையாம். நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

மார்ச் 31

சாரதாமணியும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். பெண்கள் வெயிட்டிங் ரூமைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சுப்பம்மாளிடம் பேசினோம். அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"தெனமும் இருபது பொம்பளைங்களாச்சும் கேக்கறாங்க, இங்க சோறு எங்க கெடைக்குமுன்னு. ஆம்பளைங்க கிளப்புக்குப் போயி உண்டுட்டு வாராங்க. இவங்களுக்கு ஒரு பொட்டணம். புள்ளைங்களுக்குக் குடுத்தது போக மிச்சம் என்னத்தங்க இருக்கும்? நானே நாலு வருசமா வரக்காப்பியில ஓட்டறேன்."

அண்ணனுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 2

மத்தியானக் கூட்டம் முடிந்த பிறகு மூன்று பேரும் மருதாசலத்தின் கடைக்குப் போனோம். கொல்லைப்பக்கமாக அல்ல, முன்வாசல் வழியாக. அவர் பதறி எழுந்துவிட்டார்.

நான்தான் பேசினேன். கடையை ஒட்டினாற்போல் சந்துப் பக்கம் தாழ்ந்த கூரையோடு ஒரு சாய்ப்பு இருக்கிறது. முன்பு கள்ளுப் பானைகள் அடுக்கியிருந்த இடம். அதற்குச் சந்திலிருந்தே தனி வாசல் உண்டு. அதைப் பெண்கள் சாப்பிட என்று ஒதுக்கினால் நாங்கள் மூன்று பேரும் தினமும் வருவோம், ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்களைச் சுப்பம்மாள் அனுப்புவாள் என்று சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "பழைய கள்ளுக்கடைங்கம்மிணி. குடும்பத்துப் பொம்பளைங்க எப்புடி வருவாங்க? கன்ட்ராக்டர் வேற..."

அப்போதுதான் செல்லாயி வந்தாள். அவள் முன்கடைக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் கரண்டியோடு வந்தாள்.

"இந்தம்மிணி வந்ததும் மொதல்ல சோப்புப் போட்டுக் கை கழுவறாங்க. இந்த ஊருல அப்புடிக் கழுவற ஒரு மனுசரை நான் பார்த்ததில்லீங்க. உங்க கன்ட்ராக்டரு மூக்கச் சிந்தித் தூணுல தொடைக்கறாரு. தெனமும் நாந்தான் தொடைச்சுவுடறேன். அவருக்கு நாம இலை போடலியா?"

சாரதாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மருதாசலம் தூணைப் பார்த்தார். எல்லோரும் தூணைப் பார்த்தோம்.

"சரி, ஒரு மாசம் பாக்கலாங்க" என்றார் கடைசியில். "ஒரு மாசந்தான்."

ஏப்ரல் 16

சாய்ப்பைக் கழுவ நான்கு நாள் ஆயிற்று. கள்ளு நாற்றம் தரைக்குள் இறங்கியிருந்தது. சாணி போட்டு மெழுகி, சுண்ணாம்பு அடித்து, கூரையில் ஒரு மண் ஓட்டை எடுத்துக் கண்ணாடி ஓடு வைத்தார்கள். என் முழங்கையெல்லாம் சுண்ணாம்புப் புண்.

ஏப்ரல் 18

முதல் நாள். மூன்று இலை. நாங்கள்தான்.

வெங்கடாசலம் ஏழு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மருதாசலம் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. எட்டுப் பேருக்கு எடுத்து வைத்த இலைகளை அவரே மறுபடி சுருட்டி வைத்தார்.

ஏப்ரல் 22

நான்கு இலை. நான்காவது செல்லாயி. ஆட்கள் குறைவு, மிச்சமாகிறது, நானும் உட்காருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். தான் சமைத்ததைச் சுடச்சுட அவள் சாப்பிட்டதே இல்லையாம்.

ஏப்ரல் 27

மாயவரத்துக்குப் போகும் ஒரு அம்மாளும் இரண்டு பெண்களும். சுப்பம்மாளே கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அந்த அம்மாள் வாசலில் நின்று, "ஆம்பளைங்க யாரும் பார்க்க மாட்டாங்களே?" என்று மூன்று தடவை கேட்டாள். உட்கார்ந்த பிறகு இரண்டு தடவை ரசம் வாங்கினாள். அவள் போன பிறகு அவளுடைய புருஷன் முன்பக்கமாக வந்து, தனக்கும் ஒரு இலை போடச் சொன்னாராம்.

மே 4

பதினொரு இலை. பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் இரண்டு டீச்சர்கள்.

மே 19

மாதக் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது என்று எனக்கு இன்று காலைதான் ஞாபகம் வந்தது. வேகமாக நடந்தேன். போய்ப் பார்த்தால் மருதாசலம் சந்து வாசலுக்குப் புதுத் தட்டி கட்டிக்கொண்டிருந்தார். "காத்தடிக்குதுங்க, புழுதி இலையில உழுகுது" என்றார். தட்டியின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 5

அண்ணன் வந்தார். என்னைக் கையோடு கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று என் சாமான்களுக்கென்று பெரிய காலிப் பை கொண்டுவந்திருந்த தினுசிலேயே தெரிந்தது. முதலில் சாப்பிடலாம் வாங்க என்று அழைத்துப் போனேன். அவர் முன்பக்கம், நான் சாய்ப்பில். நடுவில் கீற்றுத் தட்டி. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல்: "கந்தா, இந்தக் கொள்ளுப் பருப்பு உங்க பக்கமும் வந்துதா?"

"வந்துதுங்கண்ணா."

"இன்னுங் கொஞ்சம் வாங்கிக்க."

ராசிபுரம் பஸ் ஏறும்போது, "உங்கண்ணி சமையலவிட நல்லாருக்குது. அங்க வந்து சொல்லி வெச்சிராத" என்றார். தார் சுற்றும் பேச்சே எடுக்கவில்லை. வாழைத்தார் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலை 11

குழம்பில் உப்புத் தூக்கல். சொன்னேன். சாரதாமணியும் ஆமாம் என்றாள். உள்ளேயிருந்து செல்லாயி, "கல்லுப்பு மாத்திட்டானுங்க, அளவு தெரியலீங்க" என்று குரல் கொடுத்தாள். மூலையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும், உப்புச் சரியாகத்தான் இருக்கிறது, எங்கள் ஊரில் இப்படித்தான் போடுவோம் என்று வாதாடினாள். இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச்சு வெகுநேரம் போயிற்று. அவள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் தோன்றவில்லை.

பாதிச் சாப்பாட்டில் கேஸ் என்று ஆள் வந்தான். வலி இப்போதுதான் கண்டிருக்கிறது என்றான். அப்படியானால் நேரம் இருக்கிறது. மோர் சோறு போடச் சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

பெண் குழந்தை. ஏழு பவுண்டு.