ரேடியோ ரூம் பாடிய அன்று

ஊருக்கே பாட்டுப் போட்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. நம்மூர்ப் பஞ்சாயத்து ரேடியோ ரூம் இப்போது கலை மன்றம். வெள்ளையடித்துப் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்குக் கும்மி பழக்குகிறார்கள். டி.வி. வந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த கட்டடம்; நல்ல காரியம்தான்.

ஆனால் திறப்பு விழா என்றைக்கு நடந்தது தெரியுமா? உங்களை நம் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று.

இருபது வருஷம் அந்த ரேடியோவை ஊருக்கே கேட்க ஒலிபெருக்கியில் போட்டு நிறுத்தியவர் நீங்கள். ஊரில் எழவு விழுந்தால், பிணம் எடுக்கும்வரை அதைத் தொட மாட்டீர்கள். சந்தையில் பிச்சையெடுத்த பொன்னான் செத்தது தேர்தல் முடிவு சொல்லும் நாளில். "செய்தி மட்டுமாச்சும் போடுங்க மாமா, அவனுக்கு அழ ஆருங்க இருக்கறாங்க?" என்று இளவட்டங்கள் மல்லுக்கு நின்றார்கள்.

"அழ ஆளில்லீன்னா ஊரு பாடலாமா? போங்க சாமி" என்று சாவியை மடியில் செருகிக்கொண்டீர்கள்.

பொன்னானுக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லை. நம் வாசலில் ஒப்பாரி, அங்கே மன்றத்து ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. அவிழ்ந்த தலையோடு மேடைக்கே போய், "பொணம் எடுக்கற வரைக்கும் நிறுத்துங்க" என்று பஞ்சாயத்துத் தலைவரிடம் கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தள்ளி வெச்சர்லாம்னுதான் நாஞ் சொன்னனுங்க அம்மிணி. உங்கண்ணந்தான், வயசான சாவு, ஊர்க் காரியம் நிக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க."

ஊரைத் திட்டப் போனவள் வீட்டைப் பார்த்து நடந்தேன். மன்றத்துக்குச் செயலாளர் இப்போது அண்ணன்தான். அன்று விழா தள்ளிப்போனால் பதவியும் தள்ளிப்போகும் என்று பயந்தானோ என்னவோ. நான் திரும்பி வந்தபோது உங்கள் காலைக் கட்டிக்கொண்டு தேம்பினான். அந்த அழுகை பொய்யா அப்பா? பொய்யில்லை என்றால் அது இன்னும் மோசமில்லையா?

"உடு அம்மிணி, அவன் என்ன பண்ணுவான்" என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். அவன் விஷயத்தில் உங்களுக்கு எப்போதும் இளகிய மனசு. எனக்கு அது வராது.

ஒன்று மட்டும் சத்தியம். உள்ளூரிலேயே வாக்கப்பட்டது இதற்காவது உதவட்டும். இனி இந்த ஊரில் யார் செத்தாலும், நானே போய் அந்த ஒலிபெருக்கியை நிறுத்துவேன். எனக்கு முந்தி அண்ணன் போனால் அன்றைக்கும் நிறுத்துவேன். அழ மட்டும் மாட்டேன்.

உங்கள் சின்ன மகள்,
சரசு