சிவப்பு சிவப்பைப் பார்க்க

நகப்பூச்சின் வாசனை ஐம்பது வயது ஆண் ஒருவனுக்கு யாரையாவது நினைவூட்டுமென்றால், அது பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருக்கும். எனக்கு அது உன்னை நினைவூட்டுகிறது. இன்று காலை ஆய்வுகூட இழுப்பறையிலிருந்து அந்தச் சிவப்புப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினேன். பாதி இறுகிப்போயிருந்தது, வாசனை மட்டும் அப்படியே இருந்தது. நீ மறைந்து ஒரு நோன்பு மாதம் கடந்துவிட்டது.

கல்முனைக் கடைத்தெருவில் அதை வாங்கி வந்தவன் நீதான். நாம் செய்யும் பீங்கான் வட்டுகளின் நேர்மின் பக்கத்தை அடையாளமிட, எளிதில் அழியாத நிறம் வேண்டுமென்று கேட்டிருந்தேன். "கடக்காரன் ஆருக்கு எண்டு கேட்டான், மச்சான். வூட்டுக்காரிக்கெண்டு சொன்னா, கத அவள்ட காதுக்குப் போய் எனக்கெங்க எண்டு நிப்பாள். பௌதிக சேருக்கு எண்டு சொல்லிட்டன்" என்றாய். நான் முகத்தைச் சுளித்ததும், "இதப் பூசினா தொழ முந்திக் கழுவுற வுழு கூடாதே, உன்ட வட்டெல்லாம் எப்பிடித் தொழப்போகுது?" என்று சிரித்தாய்.

நீ கற்பித்தது இரசாயனவியல், நான் பௌதிகவியல். ஒரே நடைவழியில் எதிரெதிர் அறைகள். இறக்காமத்தில் உன் மூத்த சகோதரியான ராத்தாவின் வயலுக்குள் யானைகள் இறங்கிய கதையை நீ ஒரு தேநீர் வேளையில் கொண்டுவந்தாய். கணவரை இழந்தபின் தனித்து நின்று விதைத்த பயிர், அறுவடைக்கு முன் மிதிபட்டிருந்தது. அடுத்த போகத்தை அவர் கெடுவாகச் சொல்லியிருந்தார்: "இந்த வெள்ளாமையும் போனா நான் காணிய வித்துப்போட்டு மகளோட போய் இரிக்கப்போறன்." மகள் கொழும்பில் ஐந்தாம் மாடியில் வசித்தார். "ராத்தா அங்க போனா மண்ணக் காணாமலே மவுத்தாப் போயிருவா" என்று சொன்னபோது உன் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

அழுத்தினால் மின் தரும் பீங்கானை நான் முன்மொழிந்தேன். எரிவாயு அடுப்பின் லைட்டரில் 'டக்'கென்று பொறி தருவது அதுதான். வரம்பின் கீழ் புதைத்தால் யானையின் காலடி அதிர்வை மின்னாக்கும். அதைப் பெருக்கிக் காவல்குடிலில் மணியடிக்கச் செய்யலாம். வழக்கிலிருந்த ஈயக் கலவையையே நான் விரும்பினேன். அதன் அளவுகளும் வெப்பநிலைகளும் நூல்களில் ஒழுங்காக இருந்தன. நீ விடவில்லை.

"சோறு விளையிற மண்ணுக்குள்ள ஈயத்தப் புதைக்கச் சொல்றியா?"

"ஈயமில்லாத பேரியக் கலவையில் செய்தால் சமிக்ஞை வலுவாக இராது."

"ஒண்டு காணாட்டி ரெண்டு வெய்."

அப்படித்தான் பேரியம் காபனேற்றையும் தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் நிறுத்து, அரைத்து, சுட்டு, மீண்டும் அரைத்து, வட்டாக அழுத்தி உலையில் வைத்தோம். முதல் தொகுதி வெடித்தது. அடுத்தது அப்பம்போல் ஓரம் வளைந்தது. அதற்கடுத்தது தட்டினால் கிண்ணென்றது. இரு பக்கமும் வெள்ளிப் பூச்சிட்டு, சூடான எண்ணெயில் ஆழ்த்தி உயர் மின்னழுத்தம் கொடுத்தோம். எண்ணெய் ஆறும்வரை மின்னழுத்தத்தை எடுக்கக் கூடாது. எடுத்தால், உள்ளே ஒரே திசைக்குத் திரும்பிய நுண்பகுதிகள் மறுபடி கலைந்துவிடும். இதை நான் விரிவாக விளக்கினேன். நீ ஒரு வசனத்தில் முடித்தாய்: "தொழுகைய முடிச்சு சலாம் குடுக்க முந்தி எழும்பக் கூடாது, அவ்வளவுதானே?"

ஆய்வுகூடச் சுவரில் நான் ஒட்டியிருந்த விதிகளில் ஒன்று, 'சிவப்புப் புள்ளி எப்போதும் மேலே' என்பது. வட்டுகளை அடுக்கிவைப்பதற்காக எழுதியது. என் விதிகள் எதையும் மதியாத நீ, இறக்காமத்துக்குப் போன அன்று அந்த ஒன்றை மட்டும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாய். இரண்டு வட்டுகளையும் சிவப்பு மேலே இருக்க வைத்து, நடுவே செப்புத் தகடு செருகி, வெளிப்பக்கங்கள் இரண்டையும் ஒரே கம்பியில் சேர்த்து, மேலே இரும்புப் பாரம் ஏற்றிப் புதைத்தாய். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் குதித்தாய். மீற்றர் முள் அசையவில்லை. மறுபடி குதித்தாய். வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தாய். முள் அதற்கும் அசையவில்லை.

வரம்பில் நின்ற ராத்தா, "உன்ட எடைக்கே அடிக்காத மணி யானைக்கு அடிக்குமாடா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் உடனே முகத்தைத் திருப்பிக் கதிர்களைப் பார்த்தார்.

வட்டுகளை வெளியே எடுத்துத் தனித்தனியே தட்டிப் பார்த்தேன், இரண்டும் உயிரோடிருந்தன. காரணம் விளங்கவில்லை. அஸர் தொழுகைக்கு அருகிலிருந்த பள்ளிவாசலுக்குப் போனோம். தொழுகை முடிந்ததும் வழமைபோல் நீ முஸாபஹாவுக்குக் கை நீட்டினாய். என் கையைப் பற்றியவன் விடவில்லை. நம் இரு உள்ளங்கைகளும் பொருந்தியிருந்த இடத்தையே பார்த்தாய்.

"மச்சான், நாம அதுகளத் தொழுகை சஃப்புல நிக்கவெச்சிட்டம்."

"எதுகள?"

"வட்டுகள! ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கொண்டு. முஸாபஹா செய்யவெல்லோ வெக்கணும்!"

நீ சொன்னது சரி. அந்த அடுக்கில், நடுத்தகட்டுக்கு ஒன்று தந்ததை மற்றது விழுங்கியிருந்தது. ஓடிப்போய் மேல்வட்டைப் புரட்டினோம். சிவப்பு சிவப்பைப் பார்க்க, நடுவே தகடு. நீ ஒரு காலைத்தான் ஊன்றினாய். முள் எல்லையில் போய் முட்டியது. "வாழ்க்கையில ஒரே ஒருக்கா உன்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டன், அது என்னச் சேத்துல இரித்திட்டுது" என்று அன்று முழுதும் சொல்லித் திரிந்தாய்.

அந்தப் போகத்தில் ஒரு மாலை மணி அடித்தது. ராத்தாவும் பக்கத்து வயல்காரர்களும் யானைவெடி கொளுத்தினார்கள். கூட்டம் வரம்பேறாமல் திரும்பியது. வெள்ளாமை வீடு வந்தது. கொழும்புப் பேச்சு அத்தோடு நின்றது.

நேற்று ராத்தா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மணி அடிக்குதில்ல. ஈரம் உள்ளுக்குப் போயிட்டுப்போல. விதைச்சிட்டன், வேற ஒண்டு செய்து தாங்க." நாம் சுட்ட வட்டுகளில் இரண்டு மீதமிருந்தன. அதற்காகத்தான் காலையில் அந்தப் போத்தலைத் திறந்தேன். மங்கியிருந்த புள்ளிகளைப் புதுப்பித்தேன்.

பிற்பகல் இறக்காமத்தில் புதைத்து முடித்தபின் ஒரு சிக்கல் எழுந்தது: குதிப்பதற்கு நீ இல்லை. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, வரம்பில் நானே குதித்தேன். குடிலில் மணி அடித்தது.

"அடிக்குது, மச்சான்!"

உன் வாழ்நாளில் ஒருநாளும் உன்னை நான் அப்படி அழைத்ததில்லை.

"ஆரோட கதைக்கிறீங்க, தம்பி?" என்று ராத்தா குடிலிலிருந்து கேட்டார். "ஒண்டுமில்ல ராத்தா" என்றேன். "அவனப்போல விழுந்திராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அஸருக்கு அதே பள்ளி. பக்கத்தில் தொழுதவர் எனக்கு அறிமுகமில்லாத ஒரு விவசாயி. தொழுகை முடிந்து கை நீட்டினார். உள்ளங்கையோடு உள்ளங்கை பொருந்திய பின்னும், வழமையைவிடச் சற்று நேரம் நான் அந்தக் கையை விடாமலிருந்தேன். அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.