வெள்ளரித் தட்டோடு நின்றவன்

நைனாவுக்கு வணக்கம். நாலு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்றுதான் எழுதுகிறேன். சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறீர்களா? நான் சௌக்கியம்.

லண்டனில் எனக்கு விருந்துகளுக்குத் தீனி தயாரிக்கும் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அடுப்பே வேண்டாம். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி ஈரத்தைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே தடவும் சீஸ் வழுக்கிவிடும். அதன்மேல் புகை போட்ட சால்மன் மீனை மடித்து வைத்தால் முடிந்தது.

சனிக்கிழமை ஒரு விருந்தில் அந்தத் தட்டை நீட்டினேன். எடுக்க வந்தவன் நம் பள்ளிப்பட்டு பாலமுருகன்.

“அண்ணா, நீயா? காலேஜுல பாடம் நடத்திகினு இருக்கறதா உங்க நைனா சொன்னாரே!”

“ஆங், வெள்ளரிக்காய்க்கு நடத்திகினு இருக்கேன். எடுத்துக்கோ.”

சிரித்தான். பிறகு, “லீவு கிடைக்காமதான் பொண்ணு நிச்சயத்துக்கே வரலியா?” என்றான்.

என் மகள் அனிதாவுக்கு நிச்சயமானது அப்போதுதான் எனக்குத் தெரியும். இரண்டு மாதமாக அவள் ஏன் என் போனை எடுக்கவில்லை என்பதும் விளங்கியது. எம்.ஏ. படித்தவன் மீன் மடிக்கிறான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல உங்களுக்குக் கூசியது. அதற்காக அவளிடமும் நான் வர மறுத்ததாகச் சொல்லியிருப்பீர்கள். தாயில்லாத பெண்ணை உங்களை நம்பித்தானே விட்டுவந்தேன்?

நிச்சயப் படம் ஒன்று அனுப்புங்கள். மலைக்கோயில் விபூதி தீர்ந்துவிட்டது, அதிலும் கொஞ்சம். அவள் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள்?

வேலைக்கு நேரமாகிறது. கையெழுத்துப் போட்டால் என் பெயருக்கு முன்னால் உங்கள் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். அதற்குக் கை வரவில்லை. போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.