ஒபிதெர் என்று பெயர் வைத்தாயிற்று

கைசோவுக்கு,

நீ நலமென்றால் நல்லது, இங்கே நாங்கள் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டுமாம், தொடங்கிவிட்டேன். மற்றபடி உன் நலத்தை இந்த வீட்டில் யாரும் விசாரித்து ஐந்து மாதமாகிறது.

காதெஸ் துறைமுகத்தில் ஒளிந்துகொண்டு நீ எழுதிய கடிதம் எண்ணெய்க் கப்பலில் வந்து சேர்ந்தது. ஆண் குழந்தையானால் வழக்கப்படி என் பெயரையே வையுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். ஆண்தான். பிறந்ததும் என் காலடியில் தரையில் கிடத்தினார்கள். வீட்டுத் தலைவன் நான் குனிந்து தூக்காவிட்டால் குப்பைமேட்டுக்குத்தான் போகும் என்று உன் பெண்டாட்டி ரூபெல்லியாவுக்குத் தெரியும், முந்தானையைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்க்கவிட்டுத்தான் தூக்கினேன். உன் மூக்கு அப்படியே இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய.

ஒன்பதாம் நாள் பெயர் சூட்ட உறவெல்லாம் கூடியது. ஆற்றங்கரைச் சண்டையில் நீ கேடயத்தை எறிந்துவிட்டு ஓடினாய், அதன் மறைவில் நின்ற உன் தம்பி நுமேரியுஸ் செத்தான். ஆகவே இனி இந்தக் குடும்பத்தில் பிறக்கும் எவனுக்கும் கைசோ என்ற பெயர் கிடையாது என்று முடிவாயிற்று. உன் அத்தை மட்டும், நல்ல பேரை எதுக்கு வீணாக்கணும், நம்ம கழுதைக்கு வைங்க, அதுவும் சத்தம் கேட்டா ஓடுதே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேறு பெயர் வேண்டுமே. ரோமில் ஆண்களுக்கு இருபது பெயர்கூடத் தேறாது, தெருவில் லூசியுஸ் என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புகிறார்கள். அப்போதுதான் ஒபிதெர் நினைவுக்கு வந்தது. தாத்தா உயிரோடு இருக்க அப்பன் செத்துப்போன பிள்ளைக்கு வைக்கிற பெயர், தாத்தாவே தகப்பன் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஓரிரு பெரிய வீடுகளில் இருந்தது, சம்பந்தம் செய்த வீடுகளுக்கும் கொஞ்சம் பரவியது என்பார்கள், பிறகு அப்படியே நின்றுபோயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்தால்தானே வைக்க முடியும், யார் ஆசைப்பட்டு வைப்பான்? நான் வைத்தேன். கழுத்தில் தாயத்தும் கட்டினேன்.

ரூபெல்லியா அழுதுகொண்டே, மாமா, அவரு உசிரோடதானே இருக்காரு, பச்சப்புள்ள தலையில இப்படி ஒரு பொய்ய ஏத்துறீங்களே என்றாள். நியாயமான பேச்சுதான், பொய்தான். உன் அம்மா அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்கிறாள். சின்னவனே, சின்னவனே என்று கொஞ்சுகிறாள், நுமேரியுஸை அப்படித்தான் கூப்பிடுவாள். கேட்கும்போது எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வருகிறது.

எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது. இருமினால் ரத்தம் வருகிறது, அத்திப்பழம் பழுக்கும் வரை தாங்கும் என்கிறான் வைத்தியன். நான் முந்திக்கொண்டால் குழந்தையின் பெயர் கடைசிவரை பொய்யாகவே நின்றுவிடும். ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து முன்வரிசையில் நிற்கலாம் என்று உன் படைத்தலைவன் அறிவித்திருக்கிறானாம். போய் நில். அத்திப்பழத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான், பிந்தாதே. படை தங்கியிருக்கும் மலைப்பக்கம் குளிர் அதிகம் என்று உன் அம்மா கம்பளி நெய்து கொடுத்திருக்கிறாள், இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வேளைக்குச் சாப்பிடு. குடும்பத்து முத்திரை மோதிரத்தை இதைக் கொண்டுவரும் ஆளிடம் மறக்காமல் கொடுத்தனுப்பு, பேரனுக்கு வேண்டும். செத்தவனுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை, ஆகவே நானும் இனி எழுத மாட்டேன். நம் வீட்டுத் தெய்வங்கள் இந்த முறையாவது உன் காலைப் பிடித்து நிறுத்தட்டும்.

இப்படிக்கு,
ஒபிதெரின் தாத்தா
செர்வியுஸ்