மூன்று புகைமணிகள்

18.9.2025, வியாழன் (புரட்டாசி 2)

காலை மூட்டம். மழை இல்லை.

முற்பகல் 11.20-க்குப் பார்சல். அனுப்பியவன் பெங்களூரில் உள்ள மகன் முரளி. உள்ளே சிறு தட்டளவில் வெள்ளை வட்டங்கள் மூன்று. அவன் வழக்கில் ‘ஸ்மோக் அலாரம்’. இக்குறிப்பில் புகைமணி என்றே எழுதுவேன். புகை பட்டால் தானே அலறுமாம்.

வாங்கச் சொன்னவன் நான். காரணம்: 4.9.2025, வியாழன், விடியற்காலை, அடுத்த தெரு. கூடத்தில் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டுவிட்டு உறங்கிய கணவன் மனைவி. அவருக்கு என் வயது, 77. தீ கூடத்தைத் தாண்டவில்லை. படுக்கையறையில் கிடந்தவர்கள் உடலில் ஒரு கொப்புளம்கூட இல்லை என்றார்கள். புகை மட்டுமே. உறக்கத்திலேயே.

இன்றோடு பதினான்கு நாள். படுக்கைக்கு முன் பார்ப்பவை: 1. எரிவாயு ரெகுலேட்டர். 2. பூஜை விளக்கின் திரி. 3. குளிர்பெட்டியின் ஸ்டெபிலைசர் (தொட்டுப் பார்த்தல்). 4. கொசுமருந்துச் செருகி. 5. கைப்பேசிச் சார்ஜர். பிறகு மீண்டும் 1.

கமலம் (இனி க.) இரவு 9 மணிக்கு ஒரு மாத்திரை போடுகிறாள். முழங்கால் வலியால் உறக்கம் கெட்டு, 2.7.2025 முதல் மருத்துவர் சொன்னபடி. போட்டபின் இடி விழுந்தாலும் எழமாட்டாள். ஆகவே இவ்வீட்டில் ஆபத்து என்றால் விழிக்க வேண்டியவன் நான். எனக்குக் கோழித்தூக்கம்தான். அது ஒரு நிம்மதி.

நேற்று வாங்கிய மாத்திரை: பத்துப் பத்தாக மூன்று அட்டை. இன்றிரவு முதல் தொடக்கம்.

19.9.2025, வெள்ளி

வெயில். எலக்ட்ரீஷியன் செல்வராசு 10.00-க்கு வருவதாகச் சொல்லி 10.50-க்கு வந்தான்.

கூடத்தில் ஒன்று, சமையலறை வாசலுக்கு வெளியே ஒன்று, படுக்கையறையில் ஒன்று. சுவரிலிருந்தும் மின்விசிறியிலிருந்தும் விட வேண்டிய தூரம் கையேட்டில் உள்ளது. அளவுநாடாவுடன் உடன் நின்றேன்.

“ஏனுங்கய்யா, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஓனருங்க ஊட்டுலகூட கேமராதானுங்க மாட்டியிருக்கேன். இத மாட்டுறது நம்மூட்டுலதான் மொதல்ல. புகையப் புடிக்கறதுக்கு ஒரு மிசினுங்களா!”

ஒவ்வொன்றின் முதுகிலும் பொருத்திய தேதியை எழுதினேன். பத்தாண்டில் மாற்ற வேண்டும். 19.9.2035. அப்போது நான் இருந்தால் 87.

சோதனை. கூடத்து மணிக்கு நேர்கீழே நின்று பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டியது. ஒலி இல்லை. கொசு பாடுவது போல் மெல்லிய இழை ஒன்று, அதுவும் இருந்ததா என்பது ஐயம்.

“இது பழுது, செல்வராசு. திருப்பி அனுப்பணும்” என்று திரும்பினேன். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஏணியில் சுருண்டிருந்தான்.

“ஐயா, கைய எடுங்க சாமி! காது கிழியுதுங்க!”

அடுத்த வீட்டு மும்தாஜ், துணிக்கடைக்காரர் மனைவி, மதில்மேல் எட்டிப் பார்த்தாள். “என்னங்கம்மா, ஆம்புலன்சு உள்ளேயே வந்துருச்சா?”

எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். “சத்தம் பரவால்ல” என்றேன். மற்ற இரண்டையும் அழுத்தினேன். விளக்கு மட்டும். செல்வராசுவின் முகத்தைப் பார்த்து, ஒலிக்கிறது என்று அறிந்துகொண்டேன். க. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

20.9.2025, சனி

புரட்டாசி முதல் சனி. பெருமாள் கோயிலில் நெரிசல். 20 நிமிடத்தில் திரும்பினோம்.

பேச்சு எனக்குக் கேட்கிறது. பேருந்து கேட்கிறது. கீச்சென்ற ஒலிகள் மட்டும் போயிருக்கின்றன. எப்போதிலிருந்து? யோசித்ததில்:

குக்கர் விசில். புதுக் குக்கர் அமைதியானது என்று எண்ணியிருந்தேன். க. விரல்விட்டு எண்ணுவதைக் கண்டும் உறைக்கவில்லை.

கைக்கடிகார அலாரம். பழுது என்று இருமுறை கடையில் கொடுத்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

பல்லி. பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். 11.3.2024, என் கையெழுத்தில்: ‘வீட்டில் பல்லிகள் அற்றுப்போயின. பூச்சிமருந்தின் விளைவாகலாம்.’ ஆனால் க. இன்றும் பேச்சின் நடுவே தரையில் விரலால் மூன்று முறை தட்டுகிறாள். பல்லி சொன்னால் தட்டுவது அவள் வழக்கம். பல்லிகள் எங்கும் போகவில்லை.

ஆக, நள்ளிரவில் மணி அலறினால்: காது உள்ளவள் மாத்திரையில். விழிப்பு உள்ளவனுக்குக் காது இல்லை. மூன்று மணிகளும் யாருக்கு?

க.விடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கும் இந்தப் பயம் வரும். ஒருவர் பயப்பட்டால் போதும்.

21.9.2025, ஞாயிறு

மகாளய அமாவாசை. தர்ப்பணம் 7.15-க்கு முடிந்தது.

ஒருவேளை படுத்த நிலையில் கேட்குமோ என்று ஒரு சோதனை. க.விடம் காரணம் சொல்லவில்லை. கருவியைச் சோதிப்பதாக மட்டும். பிற்பகல் சரியாக 3.00 மணிக்குக் கூடத்து மணியைத் துடைப்பக்கட்டையால் அழுத்தச் சொல்லி, கதவைச் சாத்திப் படுத்தேன். கண்மூடி, கையில் கடிகாரம். 3.10 வரை ஒன்றுமில்லை. என் நெஞ்சு அடிப்பது மட்டும் கேட்டது.

வெளியே வந்தேன்.

“கேட்டுச்சுங்களா?”

“ம், கேட்டுச்சு.”

“எத்தன தடவைங்க?”

எதிர்பாராத கேள்வி. “ரெண்டு” என்றேன்.

அவள் துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். தப்பித்தேன்.

26.9.2025, வெள்ளி

மாலை சாம்பிராணி. கூடத்து மணிக்கு நேர்கீழே புகை போனதும் க. முகத்தைச் சுளித்து, முறத்தால் மேல்நோக்கி விசிறினாள். அப்படித்தான் அது அலறியதை அறிந்தேன். மதிலுக்கு அப்பாலிருந்து மும்தாஜ்: “அம்மா, சாமி வந்துட்டாரு, போதும் நிறுத்துங்க!”

க. மூன்று நாளாகப் பகலில் உறங்கி வழிகிறாள். இன்று பீன்ஸ் நறுக்கும்போதே தலை தொங்கிற்று. கையில் கத்தி. எடுத்து வைத்தேன். கண்கள் சிவந்திருக்கின்றன. மாத்திரையின் வீரியம் கூடிவிட்டதோ? மருத்துவரைக் கேட்க வேண்டும்.

முரளி பேசினான். “டெஸ்ட் பண்ணீங்களாப்பா?”

“எல்லாம் சரியா இருக்கு.”

இரவுச் சோதனைகள் ஐந்து, இருமுறை. பிறகு 2.00-க்கும் 4.00-க்கும் எழுந்து கூடத்தில் நின்று மோப்பம் பிடித்தல். மூக்கு நன்றாக இருக்கிறது. திரும்பி வந்து படுக்கும்போது க. புரண்டு படுத்தாள். இரண்டு முறையும்.

1.10.2025, புதன்

ஆயுத பூஜை. பொரி, கடலை, வெண்பூசணி. தெரு முழுவதும் லாரிகளுக்கு மாலை.

அரிவாள்மனை, மிக்சி, தையல் இயந்திரம், குளிர்பெட்டி, எல்லாவற்றுக்கும் க. சந்தனம் குங்குமம் வைத்தாள். பிறகு மேலே காட்டினாள்.

“ஊட்டுக்குப் புதுசா வந்த சாமானுங்க. நம்மளக் காக்கறதுக்குன்னே வந்தது. அதுக்குப் பொட்டு வெக்காம உடலாமுங்களா?”

நியாயம். முழங்கால் வலியோடு அவளால் ஏற முடியாது. முக்காலி போட்டு நானே ஏறினேன். மூன்று புகைமணிகளுக்கும் நான்கு திசையிலும் தாராளமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்பதை எழுதத் தேவையில்லை.

மாலை சாம்பிராணி வழக்கத்தைவிட அதிகம். இம்முறை க. முகம் சுளிக்கவில்லை. பழகிவிட்டது போலும்.

3.10.2025, வெள்ளி



பிற்பகல் 3.40. கூடத்தில் செய்தித்தாள். மூக்கில் கருகல். நிமிர்ந்தால் சமையலறை வாசலில் சாம்பல்நிறத் திரை, தலைமட்டத்தில். உள்ளே அடுப்பில் பருப்பு கரியாகி, பாத்திரத்தின் கைப்பிடி உருகிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் க., சுவரில் தலை சாய்த்து, வாய் சற்றே திறந்து. ஒரு கணம் அடுத்த தெருப் படுக்கையறை. ஒரே ஒரு கணம். பிறகு இருமினாள்.

அடுப்பை அணைத்தேன். அவளை இழுத்து வெளியே கொண்டுவந்தேன். கொல்லைக் கதவைத் திறந்தேன். (சரியான வரிசை: முதலில் ஆளை இழுத்திருக்க வேண்டும். பதற்றம்.)

“கண்ணு கொஞ்சம் சொருகிருச்சுங்க” என்று அழுதாள். நாற்பத்தொன்பது ஆண்டில் அவள் ஒரு பருப்பைக்கூடத் தீய விட்டதில்லை.

மேலே பார்த்தேன். புகைக்கு நடுவில் புகைமணி. அலறுகிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று எண்ணினேன். ஆனால் விளக்கு படபடக்கவில்லை. முக்காலியில் ஏறினேன். புகை நுழைய வேண்டிய துளைகள் அத்தனையிலும் சந்தனம், காய்ந்து இறுகி. நான் வைத்தது. என் கையால்.

மூன்றையும் கழற்றி, பழைய பல் துலக்கியால் உலர்வாகச் சுரண்டினேன். மாலை மணி 5.10 ஆயிற்று. சரியாயிற்றா என்று அறிய எனக்குக் காது வேண்டும். க.வைப் படுக்க வைத்திருந்தேன். மும்தாஜை அழைத்து, ஒவ்வொரு மணிக்கும் ஊதுபத்திப் புகையைக் காட்டி, “அம்மா, சத்தம் வருதான்னு சொல்லு. எனக்கு இது கேக்காது” என்றேன். முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னது, அடுத்த வீட்டாரிடம்.

மூன்றுக்கும் காதைப் பொத்தினாள். “நல்லா வருதுங்கய்யா. எங்கூடு வரைக்கும் கேக்குது. நாங்க ஓடி வர மாட்டோமா, ஏன் பதறுறீங்க?”

நல்ல பெண். ஆனால் இரவில் அவர்கள் ஜன்னல்களைச் சாத்தி ஏ.சி. போடுகிறார்கள்.

4.10.2025, சனி

மூன்றாம் சனி. கோயிலுக்குப் போகவில்லை.

பகல் தூக்கத்துக்கு மாத்திரைதான் காரணம் என்று மருத்துவரிடம் சொல்ல, க.வின் டப்பாவிலிருந்து அட்டைகளை எடுத்தேன். 18.9 முதல் 3.10 வரை பதினாறு இரவுகள். இருக்க வேண்டியவை 14. இருப்பவை 27. மூன்று முறை எண்ணினேன். 27.

மூன்று மட்டுமே போயிருக்கின்றன. 18, 19, 20. ஞாயிறு இரவிலிருந்து நின்றிருக்கிறது.

அவள் வாசலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். அட்டைகளை முன்னால் வைத்தேன். நிமிரவில்லை.

“ஏன் கமலம்?”

“நீங்கதான் ரெண்டு தடவ கேட்டுச்சுன்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“அன்னிக்கு நான் அழுத்தவே இல்லீங்க.”

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“செல்வராசு காதப் பொத்திட்டு ஏணில கெடக்கறான். நீங்க பழுதுங்கறீங்க. அப்பவே சந்தேகந்தான். மாத்திர போட்டா நான் கல்லு மாதிரி கெடப்பேன். ரெண்டு பேருல ஒருத்தருக்காவது கேக்கோணுமில்லீங்க?”

“கால் வலி?”

“அதுவும் அலாரந்தானுங்க. பேட்டரி மாத்த வேண்டிய வேலையில்ல.” சிரிக்கப் பார்த்தாள்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்க சொன்னீங்களா? ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எந்திரிச்சுப் போயி நாய் மாதிரி மோந்துட்டு வர்றீங்க. எல்லாம் பாத்துட்டுத்தான் கெடந்தேன்.”

பதின்மூன்று இரவுகள். ஒரே கட்டிலில் இருவரும் விழித்துக்கொண்டு, ஒருவர் மற்றவருக்காக உறங்குவதுபோல் கிடந்திருக்கிறோம். அதன் விலையாக நேற்று அடுப்படியில் அவள் போயிருப்பாள். நான் பயந்தது எதுவோ அதை என் பொய்யே கிட்டக் கொண்டுவந்திருக்கிறது.

முரளியை அழைத்து உண்மையைச் சொன்னேன். “தலையணைக்கு அடியில வெக்கற மாதிரி ஒண்ணு இருக்குப்பா. அலாரம் அடிச்சா அது அதிரும். வியாழக்கிழமைக்குள்ள வந்துரும். காதுக்கும் சேலத்துல பாத்துரலாம்.”

வியாழன் என்றால் 9.10. நடுவில் ஐந்து இரவுகள்.

இன்றும் க. மாத்திரை போட மறுத்துவிட்டாள். “நான் கேட்டுக்கறேன், நீங்க தூங்குங்க.” கண்மூடிக் கிடந்தேன்.

5.10.2025, ஞாயிறு

மாலை தூறல், 6.15 முதல் 6.40 வரை.

ஏற்பாடு முடிவாயிற்று. ஒரு நாள் அவள், ஒரு நாள் நான். விழிப்பவர் மறுநாள் பகலில் உறங்க வேண்டும்; அப்பொழுதில் அடுப்பு எரியக்கூடாது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் ஒப்புக்கொண்டாள். இன்று என் முறை.

9.00: க. மாத்திரை போட்டாள். விழுங்கும்வரை எதிரில் நின்றேன். “வாயத் தொறந்து காட்டட்டுங்களா?” என்றாள். காட்டவும் செய்தாள். மீதி 26.

9.05: சோதனைகள் ஐந்து, இருமுறை. படுக்கையறைக் கதவு திறந்த நிலை. நாற்காலி, கூடத்து மணியும் இந்த அறை மணியும் கண்ணில் படும் இடத்தில். டார்ச். கொல்லைக் கதவின் சாவி சட்டைப்பையில்.

9.15: சிவப்பு விளக்கு நாற்பது நொடிக்கு ஒரு முறை சிமிட்டுகிறது. படபடத்தால் அவளைத் தூக்க வேண்டும். என்னால் முடியுமா என்று பிற்பகலில் தூக்கிப் பார்த்தேன். கதவு வரை முடிகிறது.

9.22: க. கண்மூடியபடியே கட்டில் சட்டத்தை விரலால் மூன்று முறை தட்டினாள். பல்லி சொல்லியிருக்க வேண்டும்.

9.31: மீண்டும் தட்டல். இரண்டோடு நின்றது.

9.40: விரல் அசையவில்லை. இனி நான்.